புதுப்பிப்பு: டிகிரியை விடவில்லை, வேலை கிடைத்துவிட்டது

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: கேம் டெவலப்பர் ஆக ஆசை, ஐந்து அரியர் நிற்கிறது, பி.இ.யை மூன்றாம் வருடத்தோடு விட்டுவிடலாமா என்று. "டூம் கேமை எழுதிய புரோகிராமர் ஜான் கார்மாக்கே படிப்பைப் பாதியில் விட்டவர்தானே" என்றார்கள் சிலர். ஸ்டார்ட்யூ வேலி என்ற கேமைத் தனி ஆளாகச் செய்த எரிக் பரோன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர் என்று ஒருவர் பதில் போட்டார். மற்றவர்கள் விடாதே என்று திட்டினீர்கள். திட்டியவர்களுக்கு நன்றி.

அரியரை எழுதி முடித்தேன். போன மாதம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் யூனிட்டி (கேம் செய்யும் மென்பொருள்) புரோகிராமராகச் சேர்ந்தேன். இன்டர்வியூவில் மதிப்பெண் பேச்சே இல்லை. டீம் லீட் நான் செய்த கேமைத் தன் பழைய போனில் ஓடவிட்டார். மூன்றாவது லெவலில் தோட்டாக்கள் பறக்க ஆரம்பித்ததும் திக்கித் திக்கி நின்றது.

"ஏன் தம்பி?"

ஒவ்வொரு தோட்டாவையும் புதிதாக உருவாக்கி அழிக்கிறேன், மெமரியில் சேரும் அந்தக் குப்பையை யூனிட்டி கூட்டி அள்ளும்போது ஃபிரேம் விழுந்து படம் திக்குகிறது, முப்பது தோட்டாக்களை முன்பே செய்துவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் சரியாகும் என்றேன். லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "மாத்திக் காட்டுங்க" என்றார். நாற்பது நிமிடம் ஆனது. கை வேர்த்தது தனிக்கதை.

சான்றிதழைக் கேட்டது எச்.ஆர். மட்டும்தான்.

பக்கத்து சீட் அண்ணனுக்கு டிகிரி இல்லை. எட்டு வருட அனுபவம், வேலையில் புலி. ஆனால் அமெரிக்காவில் வேலை பார்க்க வாங்கும் எச்-1பி விசாவுக்குப் பட்டமோ அதற்கு நிகரான தகுதியோ வேண்டும். ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட வேலை என்று கணக்கு, நாலு வருடப் பட்டத்துக்குப் பன்னிரண்டு. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சரி, கேமைத் திருத்தி ஏற்றிவிட்டேன். மூன்றாவது லெவல் இப்போது திக்காது.