மறு: கட்டியிலும் விந்தகத்திலும் ஒரே புரதம், தமிழில் என்ன பெயர்?

அண்ணாச்சி,

‘கேன்சர்-டெஸ்டிஸ் ஆன்டிஜென்’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘விந்தகப் புற்றுப் புரதம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நர்ஸாக இருக்கும் மைனியிடம் சொல்லிப் பார்த்தேன். “விந்தகத்தில வருகிற புற்றுநோயா?” என்று கேட்டுவிட்டார். சிக்கல் அங்கேதான்.

நாம் சொல்ல வருவது வேறு. தோலிலோ உணவுக்குழாயிலோ முளைத்த கட்டியில், விந்தணு உருவாகும் இடத்தில் மட்டும் இருக்கவேண்டிய புரதம் கிடக்கிறது. 1991இல் தியரி பூன் என்ற ஆய்வாளரின் குழுவினர் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டியில், இப்படி ஒரு புரதத்துக்கான மேஜ்-1 மரபணுவைப் பிடித்தார்கள். 1997இல் உணவுக்குழாய்ப் புற்றிலிருந்து என்ஒய்-ஈஎஸ்ஓ-1 என்ற இன்னொரு புரதம் வந்தது.

ஆச்சி வீட்டில் விதைநெல்லைத் தனிப் பத்தாயத்தில் பூட்டி வைப்பார்கள். அடுப்படியில் அந்த நெல் நாலு மணி கிடந்தாலும், “பத்தாயத்தைத் திறந்தது ஆரு?” என்று வீடே அதிரும். இங்கே பூட்டு, டிஎன்ஏமேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி. மற்ற செல்களில் அது இந்த மரபணுக்களை அடக்கி வைக்கிறது. கட்டியில் அந்தக் குறி உதிர, புரதம் வெளியே வந்துவிடுகிறது.

அப்புறம், ஆன்டிஜெனுக்கான ‘பிறபொருளெதிரியாக்கி’யை வாலாகச் சேர்க்க வேண்டாம் என்பேன். இது பிறபொருளே அல்ல, நம் உடம்பின் சொந்தச் சரக்கு. நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் நுழையாதபடி விந்தகத்துக்கு ஒரு தடுப்பு உண்டு. விந்தணுவாகப் போகும் செல்கள் தம் புரதத்தை, நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்களுக்குக் காட்டுவதும் இல்லை. அதனால் அங்கே தாக்குதல் இல்லை. கட்டியோ காட்டிக்கொடுத்துவிடுகிறது. மருத்துவர்கள் குறிவைப்பது இதைத்தான்: இந்த வகையைச் சேர்ந்த மேஜ்-ஏ4 புரதத்தைத் தேடிப்போகும் டி செல் சிகிச்சை ஒன்றுக்கு, சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது.

என் முன்மொழிவு: புற்று–விந்தகப் பொதுப்புரதம். ‘பொது’ நடுவில் நின்றால் மைனியின் சந்தேகம் வராது.

——

தம்பி,

‘பொது’ சரி, ஒத்துக்கொள்கிறேன். பத்தாயமும் பிடித்தது. ஆனால் ‘மட்டும்’ என்று எழுதிவிட்டாயே, இவற்றில் சில நஞ்சுக்கொடியிலும் உண்டு. பெயரில் அதையும் திணித்தால் ரயில் மாதிரி நீளும். விளக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

இன்னொன்று. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு வெறும் ‘புற்று’ என்று எழுதுகிறாய். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் நாகராஜா கோயில்தான் முதலில் ஞாபகம் வரும், பாலும் மஞ்சளுமாக. ‘புற்றுநோய்–விந்தகப் பொதுப்புரதம்’ என்று முழுசாகவே போடுவோம். ஓரெழுத்துக்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விளக்கம் எதுவும் சொல்லாமல், பெயரை மட்டும் மைனியிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார். என்ன புரிந்தது என்று கேட்டு எழுது.