கொடியேற்றத்தில் பூஜை: கடவுள் நம்பிக்கை இல்லாதவர் தள்ளி நிற்பது தவறா?

பெரம்பூர்வாசி:
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று, கொடியேற்றுவதற்கு முன்பு கம்பத்தின் அடியில் மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுவது வழக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாத நான் அந்த நேரத்தில் சற்றுத் தள்ளி நின்றுவிட்டு, கொடி ஏறும்போது முன்னால் வந்து வணக்கம் செலுத்தி, நாட்டுப்பண்ணையும் உடன் பாடுகிறேன். இவ்வாண்டு நான் ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததைக் கவனித்த சங்கத்து மூத்தவர் ஒருவர், "கடவுளையே மதிக்காதவருக்கு நாட்டின்மீது மட்டும் என்ன பற்று வந்துவிடும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மிட்டாய் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இறைநம்பிக்கைக்கும் நாட்டுப்பற்றுக்கும் உண்மையில் அப்படியொரு தொடர்பு உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

பாரிமுனை வழக்கறிஞர்:
சட்டத்தில் அந்தத் தொடர்பு இல்லை. அமைச்சரும் நீதிபதியும் ஏற்கும் உறுதிமொழி அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று கொண்டுவந்த திருத்தம், அரசியலமைப்பு அவையில் 41க்கு 68 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. அந்த அவையில் பக்தர்களுக்குப் பஞ்சமில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமானது 1986இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மதநம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அதாவது, அளவுகடந்த இறைப்பற்றால் பாடாமல் நின்றவர்களுக்கு எந்த மனச்சான்று உரிமை துணை நின்றதோ, அதே உரிமைதான் ஆரத்தியைத் தொடாத உங்களுக்கும் துணை நிற்கிறது. நீங்களோ பாடவும் செய்கிறீர்கள்!

திருவல்லிக்கேணி:
அந்த மூத்தவர் சபையில் அப்படிக் கேட்டது முறையல்ல. ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்கு நாடும் தெய்வமும் தனித்தனி அல்ல. எங்கள் தெருக்களில் நடந்த பாரதி நாட்டைப் பராசக்தியாகவே கண்டார், அதை எடுத்துவிட்டால் எங்களுக்குக் கொடியேற்றம் ஓர் அலுவலக நிகழ்ச்சியாகத்தான் மிஞ்சும். மேலும், 1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள் என்று அறிவித்த ஊர் இது. ஐயம் வானத்திலிருந்து விழவில்லை.

சூளைமேட்டு வாசகர்:
துக்க நாள் அறிவிப்பு கடவுளைப் பற்றியது அன்று. வெள்ளையர் போனபின் அதிகாரம் யார் கையில் சேர்கிறது என்பதைப் பற்றியது. அதே இயக்கத்தில் இருந்த அண்ணா அந்த நாளை வரவேற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். பெரியாரின் நிலைப்பாட்டை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அரசியல். அதை நாத்திகத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

பகத் சிங் தாம் ஏன் நாத்திகர் என்பதை 1930இல் லாகூர்ச் சிறையிலிருந்து எழுதினார், மறு ஆண்டு மார்ச் 23இல் தூக்கிலிடப்பட்டார். அதைத் தமிழில் தந்தவர் ஜீவா. சார்லஸ் பிராட்லா என்னும் ஆங்கிலேய நாத்திகர் 1880இல் தேர்தலில் வென்றும், உறுதிமொழிச் சிக்கலால் 1886 வரை நாடாளுமன்றத்தில் முறையாக அமர முடியவில்லை. அவரே பின்னர் இந்தியர்களுக்காக அங்கே குரல் கொடுத்து, 1889இல் பம்பாய் காங்கிரசுக்கும் வந்தார். அவரது இறுதிச் சடங்குக்குச் சென்றவர்களில் அப்போது இலண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். நம்மூர் மூத்தவர் காந்தியிடம் என்ன கேட்டிருப்பாரோ!

பெரம்பூர்வாசி:
நன்றி. பூஜையை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லா மதத்தவரும் சந்தா கட்டும் சங்கம் என்பதால், அதைக் கொடிக்கம்பத்தடியில் வைக்காமல் வேறிடத்தில் நடத்தலாமா என்று மட்டும் கேட்கலாமென்று இருக்கிறேன்.

திருவல்லிக்கேணி:
தாராளமாகக் கேளுங்கள், ஆனால் பொதுக்குழுவில் எடுத்த எடுப்பிலேயே தீர்மானமாகக் கொண்டுபோகாதீர்கள், முறுக்கிக்கொள்வார்கள். வளாகத்தில் பிள்ளையார் சன்னதி இருந்தால் பூஜையை முன்னதாக அங்கே முடித்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் அந்தப் பூக்களையே கொடிக்குள் வைத்துக் கட்டலாம். விரிப்பதற்கு முன் கொடிக்குள் பூவிதழ் வைக்கக் கொடி விதிகளில் தடையில்லை. முதலில் அந்த மூத்தவரிடமே போய்ச் சொல்லிப் பாருங்கள்.