ஏடிஹெச்டி பையனுக்கு அலர்ஜியும் இருக்கு: "அழற்சி டெஸ்ட்" எடுக்கணுமா?

பல்லடம் அம்மா:
வணக்கம்ங்க. பையன் நாலாங்கிளாஸ் படிக்கிறான். போன வருஷம் அரசு ஆஸ்பத்திரியில, பிள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கற டிஇஐசி சென்டர்ல ஏடிஹெச்டினு (கவனம் நிக்காம துறுதுறுனு இருக்கற கோளாறு) சொன்னாங்க. கணக்கு நோட்டுல முதல் மூணு வரி ஒழுங்கா இருக்கும், அதுக்குக் கீழ பூரா ரயில் வரைஞ்சு வச்சிருப்பான். கைக்குழந்தையில இருந்தே முழங்கை மடிப்புல கரப்பான் அரிப்பு. விடிஞ்சா தும்மல், ராத்திரி வாயைத் தொறந்துட்டுக் குறட்டை. வீட்டைச் சுத்தி விசைத்தறிங்க, பஞ்சுத் தூசிக்குக் குறைவே இல்ல.

நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாங்க. மூளையில அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன் இருக்கறதாலதான் ஏடிஹெச்டி வருதாம். பால், கோதுமை, சர்க்கரைய நிறுத்தினா மாத்திரையே வேண்டாமாம். ஒரு கிளினிக்ல விசாரிச்சா "இன்ஃப்ளமேஷன் பேனல்"னு ரத்தப் பரிசோதனைக்குப் பல ஆயிரம் கேக்கறாங்க. எடுக்கலாங்களா?

மதுரை லேப்காரர்:
தங்கச்சி, நான் லேப் டெக்னீஷியன். என் மகளுக்கும் ஏடிஹெச்டி, அதனால இந்த விஷயத்தை விடாம படிச்சுட்டு வர்றேன். அந்தப் பேனலுக்குக் காசு கட்டாதீங்க.

அலர்ஜிக்கும் ஏடிஹெச்டிக்கும் தொடர்பு இருக்கறது உண்மை. ஆஸ்துமா இருக்கற பிள்ளைகள்ல ஏடிஹெச்டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம்னு 2018ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது. அதுக்கு ஒரு காரணமும் சொல்றாங்க: அழற்சி, அதாவது தொற்று, அலர்ஜி மாதிரி வந்தா உடம்பு காட்டற எதிர்ப்பு, வந்தா சைட்டோகைன்கள்ங்கற சமிக்ஞைப் புரதங்கள் ஏறும்; கவனத்துக்கு வேண்டிய மூளை ரசாயனமான டோபமைனைத் தயாரிக்கற நொதிக்குத் துணைப்பொருள் ஒண்ணு வேணும், அழற்சி அதைக் குறைச்சுடும். இது நியாயமான யோசனைதான். ஆனா ஏடிஹெச்டி பிள்ளைகளோட ரத்தத்துல அளந்து பார்த்தா, அந்தச் சைட்டோகைன்கள்ல இன்டர்லூகின்-6 சராசரியா கொஞ்சம் கூடுது, டிஎன்எஃப்-ஆல்ஃபா குறையுது. கூட்டத்தோட சராசரிய வச்சு உங்க பையனுக்கு எதுவும் சொல்ல முடியாது. அழற்சியைக் காட்டற சிஆர்பிங்கற ரத்த அளவு சாதாரண சளிக்கே ஏறும். தினமும் என் கையில வர்ற ரிப்போர்ட்ல பார்க்கறேன். ஏடிஹெச்டியக் கண்டுபிடிக்கற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

நீங்க கேக்கல, ஆனா நிறைய அம்மாக்கள் மனசுல இது இருக்கு: "கர்ப்பத்துல எனக்குக் காய்ச்சல் வந்ததாலயா?" ஸ்வீடன்ல 2019ல வந்த ஆய்வுல, கர்ப்பத்துல ஆஸ்பத்திரியில சேர்ற அளவுக்குத் தொற்று வந்த அம்மாக்களோட பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி 2.31 மடங்குனு முதல்ல தெரிஞ்சுது. அப்புறம் ஒரே அம்மா வயித்துப் பிள்ளைகளுக்குள்ள, தொற்று வந்த கர்ப்பத்தையும் வராத கர்ப்பத்தையும் ஒப்பிட்டாங்க. 1.03 ஆயிடுச்சு, அதாவது வித்தியாசமே இல்ல. காய்ச்சலை விட அந்தக் குடும்பத்து மரபும் சூழலும்தான் பேசுது. இரட்டையர் ஆய்வுகள்லயும் ஏடிஹெச்டியில மரபோட பங்கு 70-80 சதவீதம்னு வருது. எந்த அம்மாவும் இதுக்காகத் தன்னைக் குத்திக்காட்டிக்கக் கூடாது.

டெஸ்ட் எடுத்தே ஆகணும்னா, உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டற ஃபெரிடின் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. டோபமைன் தயாரிக்கறதுனு நான் சொன்ன அதே நொதிக்கு இரும்பும் வேணும். ஒண்ணு மட்டும் கவனிங்க: அழற்சி இருந்தா ஃபெரிடின் பொய்யா ஏறி நிக்கும். சளி பிடிச்சிருக்கறப்ப எடுத்தா இரும்பு குறைவா இருந்தாலும் நார்மல்னு வந்துடும். சளி விட்டப்புறம், கூடவே சிஆர்பியும் சேர்த்து எடுக்கணும்.

குறட்டைய விட்டுடாதீங்க. காது மூக்கு தொண்டை (ஈஎன்டி) டாக்டர், மூக்குக்குப் பின்னால இருக்கற அடினாய்டு சதை வளர்ந்திருக்கானு பார்க்கட்டும். அமெரிக்காவுல 2013ல வந்த சோதனையில, டான்சிலும் அடினாய்டும் எடுத்த பிள்ளைகளுக்குக் கவனத் தேர்வு மதிப்பெண்ல பெரிய மாற்றம் இல்ல. ஆனா தூக்கமும் நடத்தையும் தேறிச்சு.

நாகர்கோவில் அப்பா:
தும்மலுக்கு என்ன மாத்திரை குடுக்கறீங்க? மான்டிலூகாஸ்ட்ங்கற அலர்ஜி மருந்து கலந்ததா இருந்தா டாக்டர்கிட்ட பேசுங்க. என் மகன் அதைப் போட்ட நாள்கள்ல ராத்திரி அலறி எழும்புவான், பகல்ல தொட்டதுக்கெல்லாம் கோபம். டாக்டர் மூக்கு ஸ்ப்ரேக்கு மாத்தினபிறகு அடங்கிச்சு. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. ஆனா மனநிலை மாற்றம் வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020ல அந்த மருந்துக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கு. ஆஸ்துமாவுக்குக் குடுக்கறதா இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க.

பல்லடம் அம்மா:
மாத்திரை அட்டையைப் பார்த்தேன்ங்க, அதேதான். டாக்டர்கிட்ட கேக்கறேன். மதுரை அண்ணா, பாலை நிறுத்தணுங்களா? தயிர் இல்லாம சோறு இறங்காது அவனுக்கு.

மதுரை லேப்காரர்:
பால் அலர்ஜினு டாக்டர் சொல்லாத வரைக்கும் தயிர்ல கை வைக்காதீங்க. குறைக்கணும்னா கலர் மிட்டாயையும் கலர் ஜூஸையும் குறைங்க. டார்ட்ரஸின், சன்செட் யெல்லோ மாதிரி சாயங்கள் சில பிள்ளைகளோட துறுதுறுப்பைக் கூட்டுதுனு 2007ல இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் ஆய்வு காட்டிச்சு. 2010ல இருந்து ஐரோப்பாவுல அப்படி ஆறு சாயங்களுக்குப் பாக்கெட்லயே எச்சரிக்கை போடணும்.

ஃபெரிடினுக்கு வெறும் வயித்துல வரணும்னு இல்ல. ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கற ரோஸ் கலர் இரும்புச்சத்து மாத்திரைய முழுங்கறானானு அவன்கிட்டயே கேட்டு, டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.