63-ஆ, 80-ஆ? ஒரு லென்ஸ் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 கேமரா ஒன்றை வாங்கிவிட்டேன்; லென்ஸில்தான் மனம் ஊசலாடுகிறது. சென்சார் (படம் பதியும் சில்லு) 44×33 மி.மீ. என்பதால், 63 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்) ஏறக்குறைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வையைத் தருகிறது. எடை 405 கிராம்தான். அறிவு இதைத்தான் வாங்கச் சொல்கிறது.

ஆனால் 80 மி.மீ. எஃப் 1.7 லென்ஸை ஒருநாள் இரவல் வாங்கி அம்மாவைப் படமெடுத்துத் தொலைத்தேன். இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். காதுத் தோடோ பனிபோலக் கரைந்திருந்தது. கனம் ஏறக்குறைய 800 கிராம். மாலைக்குள் கழுத்து கெஞ்சியது.

நான் எடுப்பவை பாதி முகங்கள், பாதி தெருக்கள். 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் சிறியதுதான், ஆனால் வீட்டு வெளிச்சத்துக்குப் போதாது. 63, 80 இரண்டையும் வைத்திருந்தவர்கள் எதை விற்றீர்கள், ஏன்?