புதுப்பிப்பு: மகளுக்கு எந்த ஆங்கில பைபிள் என்று கேட்டிருந்தேனே

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளோடு சேர்ந்து வாசிக்க எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் கிங் ஜேம்ஸ் என்றீர்கள், அதைத்தான் முதலில் கொண்டுபோனேன். 1611-ஆம் ஆண்டு ஆங்கிலம் அல்லவா, 23-ஆம் சங்கீதத்திலேயே மாட்டிக்கொண்டோம். 'தி லார்ட் இஸ் மை ஷெப்பர்ட், ஐ ஷால் நாட் வான்ட்' (கர்த்தர் என் மேய்ப்பர்...) என்றால் "எனக்கு மேய்ப்பர் வேண்டாம் என்கிறாரா அப்பா?" என்று கேட்கிறாள். அந்தக் காலத்தில் 'வான்ட்' என்றால் குறைவுபடுவது, நம் தமிழில் "நான் தாழ்ச்சியடையேன்" என்று இருப்பதுதான் என்று சொன்ன பிறகே சிரித்தாள்.

சரி என்று சேலத்தில் என்ஐவி (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன், இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு) வாங்கி, மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். வாசிக்க லேசாக ஓடியது. ஆனால் யோவான் 5-இல் மூன்றாம் வசனத்துக்குப் பிறகு நேராக ஐந்து! அச்சுப்பிழை என்று கடைக்காரரைத் திட்டாத குறை. அப்புறம் அடிக்குறிப்பைப் பார்த்தால், தேவதூதன் குளத்தைக் கலக்கும் அந்த நான்காம் வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லையாம், அதனால் கீழே தள்ளியிருக்கிறார்கள். நாம் சபையில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது உள்ளேயே இருக்கிறது.

இஎஸ்வி (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) என்ற மொழிபெயர்ப்பையும் சொன்னீர்கள், அதிலும் அந்த வசனம் அடிக்குறிப்பில்தான். இப்போதைக்கு என்ஐவி அவளிடம், கிங் ஜேம்ஸ் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆளுக்கொரு வசனமாக வாசிக்கிறோம், மாற்கு நான்காம் அதிகாரம் வரை வந்தாயிற்று.