சமதரையில் 29 மீட்டர் போகும் பந்து, 24 மீட்டரில் இருக்கும் இலக்கை ஏன் எட்டவில்லை?

வர்க்கமூலம்:
தரையிலிருந்து ஒரு பந்தை நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். இலக்கு கிடைமட்டமாக 24 மீட்டர் தள்ளி, 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எறிகோணம் என்ன? காற்றுத்தடை இல்லை, புவியீர்ப்பு முடுக்கம் 9.8. கோணத்தின் டேன் மதிப்பை மாறியாக வைத்து இருபடிச் சமன்பாடு போட்டால் வர்க்கமூலத்துக்குள் −79 கிட்ட வந்து நிற்கிறது. ஆனால் இதே வேகத்தில் 45 டிகிரிக்கு எறிந்தால் சமதரையில் 29.5 மீட்டர் போகிறது, நேர் மேலே எறிந்தால் 14.7 மீட்டர் ஏறுகிறது. 24-உம் அதற்குள், 7-உம் அதற்குள், அப்புறம் ஏன் எட்டாது? வேகத்தை 20 ஆக்கினால் இரண்டு கோணம் வருகிறது, அதில் எதை விடையாக எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

சாய்கோடு:
கணக்கு சரி. எட்டாது என்பதுதான் விடை, அந்தக் குறை எண் அதைத்தான் சொல்கிறது.

29.5-உம் 14.7-உம் ஒரே எறியில் கிடைப்பவை இல்லை. தூரம் வேண்டுமென்றால் வேகத்தில் பெரும்பங்கு கிடைமட்டத்துக்குப் போக வேண்டும், உயரம் வேண்டுமென்றால் மேல்நோக்கி. 17 மீட்டர் வேகத்தில் எல்லாக் கோணங்களிலும் எறிந்து, எல்லாப் பாதைகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். அவற்றின் வெளிவிளிம்பும் ஒரு பரவளையமாகவே வரும், எறியும் இடத்துக்கு நேர் மேலே 14.7 மீட்டரில் தொடங்கி 29.5 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-இல் எழுதினார், இந்த வெளிவிளிம்பைக் கண்டு சொன்னது அவருக்கு அடுத்து வந்த டாரிசெல்லி. அதற்கு வெளியே இருக்கும் எந்தப் புள்ளியையும் அந்த வேகத்தால் தொட முடியாது. 24 மீட்டரில் அந்த விளிம்பின் உயரம் 14.745 − 9.766, அதாவது 4.98 மீட்டர். உங்கள் இலக்கு அதற்கும் 2 மீட்டர் மேலே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், குறைந்தபட்ச வேகம். பாடத்தில் இதைச் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள், எனக்கு இந்தப் பகுதியிலேயே பிடித்தது இதுதான்.

வேகத்தின் வர்க்கம் = முடுக்கம் × (இலக்கின் உயரம் + இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம்)

24-க்கும் 7-க்கும் நேர்கோட்டுத் தூரம் சரியாக 25 (கேள்வி எழுதியவர் வேண்டுமென்றேதான் இந்த எண்களை வைத்திருக்கிறார்). ஆக 9.8 × 32 = 313.6, வேகம் 17.71. உங்களிடம் இருப்பது 17, கொஞ்சத்தில் போய்விட்டது.

அந்த வேகத்துக்கு ஒரே கோணம்தான் உண்டு, அது 45 இல்லை. இலக்கைப் பார்க்கும் கோடு தரையோடு 16.26 டிகிரி செய்கிறது, அந்தக் கோட்டுக்கும் செங்குத்துக்கும் நடுவே சரிபாதியில் எறிய வேண்டும், அதாவது 53.13. இலக்கு தரையிலேயே இருந்தால் அந்தப் பாதி 45 ஆகிவிடும், மனப்பாடமாக இருக்கும் 45 அந்த ஒரு நிலைக்கு மட்டும்தான்.

20-க்கு வருவோம். டேன் மதிப்பு ட என்றால் 7.056 ட² − 24 ட + 14.056 = 0. கோணங்கள் 36.94, 69.32. கூட்டிப் பாருங்கள், 106.26 வரும், அது 90 + 16.26. இரண்டு விடையும் அந்தச் சரிபாதிக் கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் விழும் என்பதால் தேர்வில் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வர்க்கமூலம்:
நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் இரண்டையும் எழுத வேண்டுமா?

சாய்கோடு:
கேள்வியில் வேறு நிபந்தனை இல்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள். தாழ்ந்த பாதை 1.5 நொடியில் போய்விடும், உச்சமே 7.37 மீட்டர்தான், உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போதே இலக்கில் படும். உயர்ந்த பாதைக்கு 3.4 நொடி, அது 17.9 மீட்டர் வரை ஏறி, தரையோடு 64 டிகிரி செய்யும் சரிவில் வந்து விழும். நடுவில் சுவர் இருந்தால் இரண்டாவது, கூரை இருந்தால் முதலாவது. படும்போது வேகம் மட்டும் இரண்டிலும் ஒன்றே, 16.2. 7 மீட்டர் ஏறியதற்கான ஆற்றல் எந்த வழியில் போனாலும் அவ்வளவுதான் செலவாகிறது.

வளையத்தில்_பந்து:
கூடைப்பந்து ஆடுகிறவன் என்ற முறையில் ஒன்று. வளையம் 3.05 மீட்டர் உயரம், தண்ட எறிக் கோட்டிலிருந்து அதன் நடு சுமார் 4.2 மீட்டர், பந்து கையை விடுவது 2.1 மீட்டரில் என்று வைத்தால் அந்தச் சரிபாதிக் கோணம் 51 சொச்சம் வரும். வேகம் குறைவு என்பதைவிட, அங்கே கோணத்தில் சின்னத் தப்பு வந்தாலும் பந்து பெரிதாக விலகாது என்பதுதான் ஆட்டத்தில் பெரிய லாபம். உங்கள் கணக்கிலேயே பாருங்கள், 53-க்குப் பதில் 45-இல் எறிந்தால் 18.22 வேகம் போதும், 8 டிகிரி தள்ளியும் 3 சதவீதம்தான் கூடுதல். இறகுப்பந்துக்கு மட்டும் இதையெல்லாம் பொருத்திப் பார்க்காதீர்கள், காற்றுத்தடை அங்கே பரவளையத்தையே வைத்திருக்காது, சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக எக்செல்லில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.