அன்பியத்துக்குப் பெண்கள், பேரவைக்கு ஆண்கள்: இது எத்தனை நாளைக்கு?

மறைக்கல்வி டீச்சர்:
கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம், எங்களுடையது. பெயர் வேண்டாம். இந்த வருடம் பங்குக் காரியங்களைப் பேசும் குழுவான பங்குப் பேரவையைப் புதிதாக அமைக்கிறார்கள். பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழுதான் அன்பியம்; எங்கள் அன்பியப் பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீடு வீடாகக் கூட்டம் நடத்துவது, படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரச் சாமியாரிடம் சொல்வது, துக்க வீட்டில் செபமாலைக்கு ஆள் சேர்ப்பது, ஞாயிறு மறைக்கல்வி, கோயில் கூட்டுவது, எல்லாம் எங்கள் தலையில். பேரவைக்குத் தலைவர் பங்குத்தந்தை. அவருக்கு அடுத்த துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று இடத்திலும் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஆண்கள்தான். பெண்களுக்கென்று துணைச் செயலாளர் பதவி ஒன்று உண்டு; டீ வாங்கி வரச் சொல்லும் பதவி. ஒரு பெண் துணைத்தலைவராக வந்தால் என்ன கெட்டுப்போகும்?

கடலோரத்தான்:
ஒன்றும் கெட்டுப்போகாது டீச்சர். ஆனால் கடற்கரை ஊரில் பேரவை என்றால் செபம் மட்டும் இல்லை. வலையை அறுத்த தகராறு, இரண்டு தெருக்காரர்கள் அடிதடி, போலீஸ் ஸ்டேஷன் என்று நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள். அங்கே நம் வீட்டுப் பெண்களை அனுப்ப முடியுமா? இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சேவை செய்கிறவர்களுக்குப் பதவி எதற்கு? பலன் எதிர்பார்க்காமல் செய்வதுதானே தொண்டு?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, ஊர்க் கமிட்டியையும் பங்குப் பேரவையையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். வலைத் தகராறு ஊர்க் கமிட்டி வேலை. நம் பக்கத்தில் இரண்டிலும் அதே ஆட்கள் இருப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் மேய்ப்புப்பணிப் பேரவை பற்றி 536-ஆம் எண், நிதிக்குழு பற்றி 537-ஆம் எண். இரண்டிலும் ஆண் என்று எங்கும் இல்லை. இன்னொரு விஷயம்: பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், முடிவு பங்குத்தந்தையுடையது. ஆலோசனை சொல்லக்கூட ஆணாக இருக்க வேண்டும் என்றால் அது சட்டம் இல்லை, நம் ஊர் வழக்கம்.

மறைக்கல்வி டீச்சர்:
நள்ளிரவுக் கதைக்கு வருகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது யார் கதவை யார் தட்டினார்கள்? எந்த வீட்டில் யார் கடலுக்குப் போனார், எந்தப் படகு, கூட யார், கடைசியாக எப்போது பேசினார் என்று எங்கள் பங்கில் வீடு வீடாகக் கேட்டு எழுதியது அன்பியப் பெண்கள். அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் உட்கார்ந்து படகு நம்பரைக் கேட்டு வாங்குவது லேசான வேலையா? காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011-இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்த பெண்களையும் போலீஸ் பயம் காட்டித்தான் பார்த்தது. தண்டவாளத்துக்கு வரலாம், பேரவை அறைக்கு வரக்கூடாது. என்ன நியாயம் இது?

கடலோரத்தான்:
போராட்டம் வேறு, நிர்வாகம் வேறு.

பழைய சேனைக்காரன்:
நான் நடுவில் வருகிறேன். மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் சபையில் நெடுநாள் இருந்தவன். பெண்களுக்குத் தலைமை தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். 1921 செப்டம்பரில் டப்ளினில் பிராங்க் டஃப் சேனையைத் தொடங்கியபோது, அவரையும் ஒரு குருவையும் விட்டால் மற்றவர்கள் எல்லாம் பெண்கள். முதல் தலைவர் ஒரு பெண். ஆண்களுக்கான முதல் பிரசீடியம், அதாவது சேனையின் அடிப்படைக் கிளை, வந்ததே 1929-இல். ஈடல் குவின் என்ற இளம்பெண், காசநோயில் கிடந்து எழுந்தவர், 1936-இல் தனியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, நாடு நாடாகப் பிரசீடியங்களை எழுப்பி, 1944-இல் நைரோபியில் இறந்தார். சம்பளத்துக்கு இல்லை, பதவிக்கும் இல்லை.

அதனால்தான் டீச்சருக்குச் சொல்கிறேன்: உங்களுக்குச் சபைகள் இருக்கின்றன. பிரசீடியத்தில் தலைவர், பல பிரசீடியங்களுக்கு மேலான கூரியாவில் தலைவர் என்று பல பங்குகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேரவை என்பது கோஷ்டிச் சண்டை. எதற்கு அந்தச் சேற்றில் கால் வைக்கிறீர்கள்?

மறைக்கல்வி டீச்சர்:
ஐயா, நீங்கள் சொன்னது முழுக்க எனக்குச் சாதகம். சேனையில் ஒரு பொறுப்புக்கு மூன்று ஆண்டு, மறுபடி மூன்று ஆண்டு, அத்தோடு இறங்க வேண்டும். கூட்டந்தோறும் கணக்கு வாசிக்க வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். அந்த ஒழுங்கில் வளர்ந்த பெண்கள் பேரவைக்கு வந்தால் சேறு கொஞ்சம் வடியும். சேறு என்று நீங்களே ஒத்துக்கொண்டு, அதை அப்படியே கிடக்க விடச் சொல்வது எந்த ஊர் அறிவுரை?

சென்னைவாசி:
இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2023 அக்டோபரில் உரோமையில் திருத்தந்தை கூட்டிய உலக ஆயர் மன்றத்தில்தான் முதல் முறையாகப் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது, 54 பேர். அடுத்த வருட இறுதி ஆவணத்தில் பெண்களைப் பற்றிய 60-ஆம் பத்திக்குத்தான் எல்லாவற்றையும் விட அதிக எதிர்ப்பு வாக்கு, 97. அங்கேயே அப்படி. அதே ஆவணம் பங்குப் பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும், அவற்றில் பெண்களும் இளைஞர்களும் ஏழைகளும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

கடலோரத்தான்:
ரோம் இருக்கட்டும். போன முறை நானே ஒரு அக்காவின் பெயரைச் சொன்னேன். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றார், அப்புறம் பதிலே இல்லை. பெண்கள் நிற்பதில்லை, நாங்கள் என்ன செய்ய?

மறைக்கல்வி டீச்சர்:
கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? இரவு எட்டரை. முடிய பதினொன்று. மீன் விற்கிற பெண் விடியும் முன்பே கூடையோடு கிளம்ப வேண்டும். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் வைத்துப் பாருங்கள், அந்த அக்கா பதில் சொல்வார்.

அப்புறம் கணக்கு. எங்கள் அன்பியத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. வாரம் வீட்டுக்குப் பத்து ரூபாய், வராதவர் பெயருக்கு நேராகச் சின்னப் புள்ளி, பணம் பிஸ்கட் டின்னில். டயாலிசிஸ் செய்கிற ஒருவருக்கு அதில் பற்றவில்லை என்று பேரவையிடம் கேட்டோம். திருவிழாக் கணக்கில் துண்டு விழுந்திருக்கிறது, இப்போது முடியாது என்றார்கள். துண்டு எதனால் விழுந்தது? கணக்கு வாசித்தபோது வாணவேடிக்கை, ஒலி ஒளி, சிறப்பு விருந்தினர் பொன்னாடை என்று ஓடியது. கேள்வி கேட்க அந்த அறையில் எங்களில் யாரும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் துணைத்தலைவர் பதவியை விடுங்கள் டீச்சர். மேடையில் நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான். நிதிக்குழுவில் இடம் கேளுங்கள். பேரவை ஆயர் விரும்பினால் அமைப்பது, நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டியது. உங்கள் மறைமாவட்ட விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, உறுப்பினரை யார் நியமிக்கிறார், எத்தனை ஆண்டு என்று முதலில் படியுங்கள். அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள், நகல் ஒன்று, பக்கத்துப் பங்குகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் குருவான மறைவட்ட முதல்வருக்கு.

பழைய சேனைக்காரன்:
நகல் அனுப்பினால் சாமியார் வருத்தப்படுவார். முதலில் நேரில் பேசிப் பாருங்கள் அம்மா.

மறைக்கல்வி டீச்சர்:
பேசியாயிற்று ஐயா. "பார்க்கலாம்" என்றார். நிதிக்குழு யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் துணைத்தலைவரையும் விடப்போவதில்லை. இரண்டையும் கேட்கிறோம்.

கடலோரத்தான்:
கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன், வாணவேடிக்கையில் கை வைத்தால் இளைஞர் இயக்கப் பையன்கள் கிளம்பிவிடுவார்கள்.

மறைக்கல்வி டீச்சர்:
கிளம்பட்டுமே. முதல் நற்கருணை வாங்க அவர்களுக்கெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தது நான்தான்.